கப்பல் சரி

எங்கள் ஊரில் ‘சரிங்க’ என்ற சொல் தாராளமாகக் கிடைக்கும். கடைக்காரர் சொல்வார், கண்டக்டர் சொல்வார், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி ஒரு மாதம் வராத பிளம்பரும் சொல்வார். ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. மரியாதைக்குச் சொல்வது. சொன்னவரும் மறந்துவிடுவார், கேட்டவரும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை.

இந்த ஊரில் ஒரு தடவை எனக்கு நிஜமான ‘சரி’ ஒன்று தேவைப்பட்டது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவர் அதற்கு முன்பே ஒரு விபத்தில் போய்விட்டார். மகள் ஆறாம் வகுப்பு. ஆபரேஷன் தியேட்டருக்குள் போன நான் திரும்பி வரவில்லை என்றால் அவளை யார் வைத்துக்கொள்வது? அந்தக் கேள்விக்கு மரியாதைச் சரியை வாங்கிக்கொண்டு உள்ளே போக எனக்குத் தைரியமில்லை.

கேட்பதற்கு ஒரே ஒருவர்தான் மனதில் வந்தார். அதில் ஒரு சிக்கல். அவர் வாயிலிருந்து ‘சரிங்க’ என்ற சொல்லை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்போது நான் ஒரு கோழித் தீவன கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மில் பல்லடம் பக்கம். ஆபீஸ் உக்கடத்தில் ஒரு மாடியில். ஜன்னலைத் திறந்தால் பெரிய குளம் தெரியும். கோயமுத்தூர்க்காரர்களுக்கு வாய்த்த கடல் அவ்வளவுதான். அந்த மாடியில் உட்கார்ந்துகொண்டு கப்பல் பேசியவர்தான் நான் சொன்ன அந்த ஒருவர்; ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அக்கா. தீவனத்துக்கு வேண்டிய சோயாவும் மக்காச்சோளமும் உள்ளூரில் கட்டுப்படியாகாத காலங்களில் வெளிநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குக் கப்பலை வாடகைக்குப் பிடிக்கிற வேலை அவருடையது. கப்பல் பிரிவு என்று கதவில் எழுதியிருக்கும். உள்ளே போனால் அக்காவும், ஒரு மேஜையும், கடகடவென்று சத்தம் போடும் ஒரு ஃபேனும் இருக்கும்.

உயரமான ஆள். காட்டன் சேலையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் கட்டுவார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. எதற்காவது மாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் விரல் முட்டியால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் சுருங்க ஆரம்பித்துவிடும். கப்பலில் ஏறியிருக்கிறீர்களா என்று ஒரு தடவை கேட்டேன்.

“ஒருக்கா தூத்துக்குடி ஹார்பருக்குப் போனேன் கண்ணு. அந்த ஏணியப் பாத்ததுமே தல சுத்திருச்சு. கீழயே நின்னு பாத்துட்டு வந்துட்டேன். கப்பல்ல ஏறோணும்னு எந்த அக்ரிமெண்ட்லயும் எழுதல பாரு.”

கப்பல் ஆட்கள் முழுச் சொல்லாக எதையும் எழுத மாட்டார்கள். தந்தி அடித்த காலத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கியதால் வந்த பழக்கமாம். எல்லாமே இரண்டெழுத்து, மூன்றெழுத்து. அக்கா அந்த எழுத்துகளை ஆபீஸோடு விட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. எங்கள் மேனேஜர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தபோது நாங்கள் எல்லோரும் “சரிங்க, வராம இருப்போமுங்களா” என்று பல்லைக் காட்டினோம். அக்கா பத்திரிகையைப் படித்துப் பார்த்துவிட்டு, “ஏ.ஜி.டபிள்யூ.ங்க” என்றார். கப்பல் எந்தத் தேதியில் வந்து சேரும் என்று எழுதும்போது கூடவே போடுகிற மூன்றெழுத்து அது. எல்லாம் நல்லபடியாகப் போனால் என்று அர்த்தம்.

“ஏனுங்க, கலியாணத்துக்குக் கூப்புட்டா ஒரு வார்த்த சரிங்கன்னு சொல்லப்படாதுங்களா?” என்று மேனேஜர் முகம் வாடினார்.

“என்ற மாமியாருக்கு ஒடம்பு சரியில்லீங்க. நல்லாயிருந்தா வாரேன். இல்லாட்டி வரமாட்டேன். ரெண்டும் தெரியாம எப்புடீங்க சரின்னு சொல்றது?”

கல்யாணத்தன்று நல்ல மழை. சரிங்க சொன்ன எங்களில் பாதிப் பேர் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை, அதில் நானும் உண்டு. அக்கா போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி முகூர்த்தத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். மாமியாருக்கு உடம்பு தேறிவிட்டதாம்.

தையல்காரருக்கு ‘லேகேன்’ கொடுப்பார். கப்பல் இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும், தாண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பது லேகேன். ஜாக்கெட்டுக்கும் அதே சட்டம். கெடு தாண்டினால் தைத்தது பாதி தைக்காதது பாதியாகத் துணியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பிடிக்க முடியாது. “நான் ஷெக்ஸுங்க” என்பார். ஞாயிறும் விடுமுறையும் கணக்கில் சேராது என்பதற்குக் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் சுருக்கம் அது. காலையில் மாதா கோயிலில் பூசை, மத்தியானம் மாமியாருக்குத் தலைக்கு ஊற்றிவிடுவது, சாயங்காலம் தூக்கம். போன் அணைந்து கிடக்கும்.

ஒரு தடவை என் டிபன் கேரியரை ஏதோ விசேஷத்துக்கு வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

“ரீடெலிவரி எடுத்துக்கோ கண்ணு.”

கப்பலைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்து ஓட்டிவிட்டு உடைமைக்காரரிடம் திருப்பி ஒப்படைப்பதற்கு அந்தப் பெயர். வாங்கினபோது எப்படி இருந்ததோ அப்படியே திருப்பித் தர வேண்டும். ஓடியதால் வருகிற சாதாரணத் தேய்மானத்தை மட்டும் மன்னித்துக்கொள்வார்கள். கேரியரின் மேல்மூடியில் ஒரு சின்ன நசுங்கல் இருந்தது. நான் கவனிக்கவே இல்லை. அவரே காட்டினார்.

“இது தேய்மானம் இல்ல. என்ற கை தவறி உளுந்துபோச்சு. என்ற தப்பு.”

அதே அளவில் ஒரு புது மூடி வாங்கி வைத்திருந்தார். பரவாயில்லை என்று எவ்வளவோ சொன்னேன். மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனால் அவருக்கு ஆபீஸில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் வேறு. ‘சப்ஜெக்ட் அக்கா’. கப்பல் பேசும்போது வாடகை, தேதி எல்லாம் ஒத்துவந்தாலும் உடனே முடிந்ததாக ஆகாது. இன்னின்ன விஷயம் சரியாக வேண்டும், அதுவரை முடிவில்லை என்று சில நிபந்தனைகளை நிறுத்தி வைப்பார்கள். அதற்குப் பெயர் சப்ஜெக்ட். அவை ஒவ்வொன்றாக விலகிய பிறகுதான் கப்பல் ‘க்ளீன் ஃபிக்ஸ்ட்’. அதற்கப்புறம் பேச்சே கிடையாது. கையெழுத்தெல்லாம் பிறகு வரும். சொன்ன சொல்லை நம்பிக் கப்பல் நடுக்கடலில் திரும்பிவிடும். அக்காவிடம் டீ குடிக்க வருகிறீர்களா என்று கேட்டால்கூட ஒரு சப்ஜெக்ட் இருக்கும். அகராதி பிடித்தவர் என்று சொன்னவர்கள் உண்டு. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த வருடம் அந்த நினைப்பு மாறியது.

அந்த வருடம் காடு காடாகச் சோளம் போய்விட்டது. நாமக்கல்லிலிருந்து உடுமலை வரைக்கும் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவனத்துக்கு அலைந்தார்கள். எங்கள் முதலாளி இன்னும் சில மில்காரர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பர்மாவிலிருந்து ஒரு கப்பல் சோளம் இறக்க முடிவு செய்தார். சென்னையில் இருந்த கப்பல் புரோக்கரிடம் அக்கா பேசினார். இரண்டு சப்ஜெக்ட் நிறுத்தி வைத்தார். விற்கிறவர் சரக்கு தயார் என்று உறுதி சொல்ல வேண்டும். கூட்டாளிகள் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமைக்குள் இரண்டுமே வந்துவிட்டன. திங்கட்கிழமை காலையில் முடித்துச் சொல்வதாக இருந்தார்.

நடுவில் ஞாயிறு. அக்காவின் போன் அணைந்து கிடந்ததால் புரோக்கர் நேராக முதலாளியைக் கூப்பிட்டிருக்கிறார். முதலாளி ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் நாதஸ்வரம், அந்தப் பக்கம் சம்பந்தி. புரோக்கர் “எல்லாம் முடிச்சுடலாமா சார்” என்று கேட்க, இவர் நம் ஊர் வழக்கப்படி “சரிங்க, சரிங்க, ஆச்சுங்க” என்று சொல்லிவிட்டு இலைக்குப் போய்விட்டார். சென்னைக்காரருக்கு எங்கள் ஊர்ச் சரிங்கவைப் பற்றி என்ன தெரியும்? கப்பல்காரரிடம் முடிந்தது என்று சொல்லிவிட்டார். கப்பல் ரங்கூன் பக்கம் திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் வேறொருவர் முதலாளியிடம் இதைவிடக் குறைந்த வாடகையில் ஒரு கப்பல் இருப்பதாகச் சொன்னார். முதலாளி நேராக அக்காவின் மேஜைக்கு வந்தார். நான் அப்போது வாடகைக் கணக்கோடு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

“அந்தப் பழைய கப்பல் வேண்டாமுங்க. இல்லீன்னு சொல்லிப்போடுங்க.”

“நேத்து நீங்க முடிச்சுட்டதா அவிங்க சொல்றாங்களேங்க.”

“நான் எங்கீங்க ஒத்துக்கிட்டேன்? சரிங்கன்னுதானுங்க சொன்னேன்!”

சிரிக்காமல் இருக்க நான் கால்குலேட்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் அது புரியும். அக்காவுக்கும் புரிந்தது. ஆனாலும் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“சரக்கு கெடைக்கலைன்னு ஒரு மெயில் போடுங்க. அந்த சப்ஜெக்ட் என்னமோ வச்சிருக்கீங்கல்ல, அதச் சொல்லி வெளிய வந்துடலாமுங்க” என்றார் முதலாளி.

“சரக்கு இருக்குதுன்னு சனிக்கெழமயே மெயில் வந்துருச்சுங்க. இல்லைன்னு நான் எழுத மாட்டேனுங்க.”

“போறது என்ற காசுங்க, உங்களுதில்லீங்க.”

“காசு உங்களுதுங்க. அந்த மெயில்ல அடியில இருக்கற பேரு என்றதுங்க. வேற யாராச்சும் எழுதட்டும். அதுக்கு முன்னால என்ற ராஜினாமாவ வாங்கிக்கோங்க.”

அக்கா குரலை உயர்த்தவில்லை. வேலை போனால் அந்த வீட்டில் மாமியார் மருந்துக்கு என்ன செய்வார் என்று எனக்குப் பயமாக இருந்தது. முதலாளி ஜன்னலுக்குப் போய் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பரம்பரையாகத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். சொன்ன சொல்லுக்காகத் தாத்தா கிணற்றுத் தண்ணீரில் பங்கு விட்டுக்கொடுத்த கதையை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அது அப்போது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, திரும்பி நின்று, “சரிங்க” என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தச் சரிங்க? மரியாதைச் சரிங்களா, கப்பல் சரிங்களா?”

முதலாளியின் முகம் சிவந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார்.

“கப்பல் சரிதானுங்க அம்மிணி. ஆள உடுங்க.”

அந்தக் கப்பலால் எங்களுக்குப் பெரிய ஆதாயம் ஒன்றும் இல்லை. ஆனால் சோளம் வந்தது, மில் நிற்காமல் ஓடியது. அதற்குப் பிறகு அந்தப் புரோக்கர் முதலாளியைக் கூப்பிடுவதே இல்லை. “மேடம் வாயால சொல்லிட்டாப் போதும், மெயில் மெதுவா வரட்டும்” என்பார். கடல் மட்டத்துக்கு எவ்வளவோ மேலே, ஒரு குளத்தைப் பார்த்தபடி இருக்கிற எங்கள் உக்கடம் மாடிக்குக் கப்பல் ஆட்கள் மத்தியில் அப்படி ஒரு பேர் இருந்தது. அந்த மாடியில் நானும் வேலை பார்த்தேன் என்று இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். முதலாளியும் மில்காரர்கள் கூட்டத்தில் இந்தக் கதையைத் தன்னைக் கிண்டல் செய்தே சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். ஆபீஸில் அன்றிலிருந்து சரியில் இரண்டு ஜாதி. யார் எதற்குச் சரி என்றாலும், எந்தச் சரி என்று ஒரு குரல் கேட்கும்.

அதனால்தான் டாக்டர் தேதி குறித்ததும் எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. சொந்தத்தில் ஆள் இல்லாமல் இல்லை. ஈரோட்டில் கணவரின் அண்ணன் இருந்தார். போனில் கேட்டேன். “இதெல்லாம் ஒரு கேள்வியா அம்மிணி? நாங்க இல்லியா? சரி, சரி” என்றார். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். பின்னால் தறிச் சத்தம். நல்ல மனிதர்தான். ஆனால் அந்தச் சரி எந்த ஜாதி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் கேட்டேன்.

“எனக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா பாப்பாவ நீங்க வச்சுக்குவீங்களாக்கா?”

அக்கா கையில் எடுத்த சோற்று உருண்டையைத் திரும்பவும் டப்பாவில் வைத்தார்.

“சப்ஜெக்ட் இருக்குது கண்ணு. வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடு.”

அவரைத் தெரிந்துதான் கேட்டேன். இருந்தாலும் அந்த இடத்தில் வலித்தது. இதற்குமா சப்ஜெக்ட்? ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா? சனிக்கிழமை காலையில் என் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். கோபத்தில் அன்று அவரோடு நான் டீக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, என்னை டீ போடச் சொல்லி உள்ளே அனுப்பினார். பால் பொங்கும் வரைக்கும் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். வழக்கமாகக் கப்பல்காரர்களிடம் பேசுகிற அதே குரல்.

“மூணு சப்ஜெக்ட் வச்சிருந்தேன். மொதல்ல என்ற ஊட்டுக்காரர். ஒடனே சரின்னாரு. அதெல்லாம் வேண்டாம், ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்கன்னுட்டேன். நேத்துக் காலையில சொல்லாமயே அந்தச் சின்ன ரூமுக்கு வெள்ள அடிக்க ஆரம்பிச்சுட்டாரு. அது ஆச்சு. ரெண்டாவது, எங்களுது கோயில் வேற, உங்களுது வேற. அவ திருநீறு பூசறத எங்க ஊட்டுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்படாது. என்ற மாமியார்கிட்டயும் பேசிப்போட்டேன். அதும் ஆச்சு.”

“மூணாவதுங்க்கா?”

“உன்ற பொண்ணு. எல்லாரும் அவளப் பத்திப் பேசறீங்க, அவகிட்ட யாராச்சும் கேட்டீங்களா? நான் கேட்டேன். அவ பதிலுக்கு ஒரு சப்ஜெக்ட் போட்டா.”

“என்னன்னு?”

“அம்மா திரும்பி வந்துட்டா, மறு பேச்சுப் பேசாம அவள உன்கிட்ட குடுத்துப்போடோணுமாம். ஒத்துக்கிட்டேன்.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லா சப்ஜெக்டும் எடுத்தாச்சு. சரி கண்ணு.”

எந்தச் சரி என்று நான் கேட்கவில்லை. அதை அவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் தள்ளுவண்டியில் என்னை உள்ளே கொண்டுபோனபோது என் உடம்புக்குப் பயமாக இருந்தது. மகளைப் பற்றிப் பயம் துளிகூட இல்லை. ஈரோட்டு அண்ணன் அன்று காலையில் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நின்றதையும் சொல்லிவிட வேண்டும். அவர் சரியும் நல்ல சரிதான். எனக்குத்தான் முன்கூட்டியே தெரியவில்லை.

நான் தேறி வீட்டுக்கு வருகிறவரை மகள் போத்தனூரில் அந்த வெள்ளையடித்த அறையில் இருந்தாள். நான் வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் அக்கா அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை, இஸ்திரி போட்ட பாவாடை, நெற்றியில் திருநீறு. வாசலில் நின்றே சொன்னார்.

“ரீடெலிவரி எடுத்துக்கோ கண்ணு. நல்லாப் பாத்து எடுத்துக்கோ.”

பிறகு குனிந்து அவள் பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி முட்டியைக் காட்டினார். காய்ந்துகொண்டிருந்த ஒரு பெரிய சிராய்ப்பு.

“சைக்கிள் கத்துக்குடுக்கறேன்னு ஓட்ட உட்டேன், உளுந்துபோட்டா. இது தேய்மானம் இல்ல. என்ற தப்பு. மூடின்னா புதுசு வாங்கித் தந்துருப்பேன்.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் கலங்கியதை முதல் தடவையாகக் கேட்டேன். நான் கட்டிலிலிருந்து கையை நீட்டிக்கொண்டே, “சரிங்க்கா, சரிங்க்கா” என்றேன்.

“எந்தச் சரி?” என்றார் அக்கா.

என்னை முந்திக்கொண்டு, முட்டியைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மகள்தான் சொன்னாள்.

“கப்பல் சரிங்க பெரிம்மா.”